குடலால் நீர்ப்பையைப் பெருக்கும் சிகிச்சை

(தாம்பரத்தில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாம்பரத்தை அடுத்த புகைவண்டி நிலையத்தைச் சானடோரியம் என்று நாள்தோறும் உரைக்கின்றோம். அப்பெயர், டாக்டர் சௌரி முத்து 1928-ஆம் ஆண்டில் நிறுவி, 1937-இல் அரசாங்கத்தார் வசமான க்ஷயரோக மருத்துவசாலையினின்று வந்ததாகும். அத்துணை அருகில் வாழ்ந்தும், க்ஷயமென்றால் இருமல் என்றே நம்மவர் கருதுகின்றனர். அந்நோய் இரத்த வழியே சிறுநீரகத்திற் புகுந்து, பல்லாண்டு அரவமின்றித் தங்கி, பின்பு நீர்ப்பைக்கும் இறங்குவதுண்டு.

நாழிகைக்கொருமுறை நீர் பிரிதலும், கடுப்பும், சிலவேளை குருதி கலத்தலும் அதன் குறிகளாம். உடற்சூடென்று இளநீர் கொடுத்தே மாதங்களைக் கழிக்கும் வீடுகள் பல. சிறுநீரிற் சீழணுக்கள் மிகுந்திருந்தும் சாதாரணக் கிருமிகள் வளரவில்லையெனின் க்ஷயத்தை ஐயுறல் வேண்டும். தாமதித்தால் நீர்ப்பை தழும்பேறிச் சுருங்கும். 400, 500 மில்லி லிட்டர் கொள்ளும் பை 100-உம் கொள்ளாதாகிவிடும்.

அந்நிலையில், க்ஷய மருந்தளித்த பின்னர், ரண வைத்தியர் சிறுகுடலில் ஏறக்குறைய 20 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்தை அதன் இரத்தக் குழாய்களோடு பிரித்து, எஞ்சிய குடலின் முனைகளை இணைத்துவிடுகின்றனர். பிரித்த துண்டை நெடுக அறுத்து விரித்து, மடித்துத் தைத்து, பிளந்த நீர்ப்பையின்மேல் ஒட்டுகின்றனர். குழலாகவே வைத்தலாகாதோ எனின், குடல் உணவைத் தள்ளுதற்கென்றே அமைந்ததாகலின், குழலாய் நின்றாற் சிறுநீரையும் அவ்வாறே தள்ளும். விரித்து மடித்தால் அவ்வேகம் தணியும்.

இதனால் இடம் கிடைக்கின்றதேயன்றி, நீரை முற்றும் வெளியேற்றும் வலிமை பலர்க்குக் கிடைப்பதில்லை. அன்னோர் நாளும் நான்கைந்து முறை மெல்லிய குழலைத் தாமே செலுத்தி நீரை எடுத்தல் வேண்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவித் தூய குழலைச் செலுத்தினாற் போதும் என்று அமெரிக்க மருத்துவர் லேப்பிடஸ் என்பார் 1972-இல் காட்டினார். குடலோ இடம் மாறினும் தன் குணம் மாறாது. கோழை சுரந்துகொண்டே இருக்கும். அதனைக் கழுவாவிடிற் கல் சேரும்.

உறவின்முறைக்குள்ளேயே பெண் கொண்டு கொடுக்கும் நாம் ஒன்றை எண்ணல் வேண்டும். இச்சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு மணம் பேசுங்கால் பெற்றோர் அதனை மறைப்பராயின், புகுந்த வீட்டில் அவள் குழலையும் மறைத்தாக வேண்டும். வேளை தவறும். நிரம்பி வழியும் பை கிழியுமாயின் உயிர்க்கே கேடாம். திடீர் வயிற்றுவலியோடு மருத்துவசாலை செல்வோர் முதலிற் கூறவேண்டியது இச்சிகிச்சையைப் பற்றியே. இதன்பின் மகப்பேறு எய்திய மகளிர் உளர். பேறுகாலத்தில் வயிற்றை அறுக்க நேரின், ஒட்டிய குடலும் அதன் இரத்தக் குழாய்களும் எங்குள்ளன என்பதை மருத்துவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.