தொக்கமும் தொண்டையடைப்பும்

(ஒரகடத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் கடவுளைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ பேச வரவில்லை. வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலருக்கு இது ஏமாற்றமாயிருக்கலாம். ஆனால், மூடநம்பிக்கை என்பது கோயில் வாசலோடு நின்றுவிடுகிற சரக்கல்ல. அது நம் தொண்டைக்குள்ளும் இறங்கி, அங்கேயும் காசு பறிக்கிறது என்பதைக் காட்டவே இந்த விஷயத்தை எடுத்துக் கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் ஒரு காலத்தில் இராமாநுஜர் பிறந்த ஊர் என்றே பேசப்பட்டது. இன்றோ அங்கிருந்து ஒரகடம் வரையில் கார் செய்கிறோம், கைபேசி செய்கிறோம். ஒரு திருகு மயிரிழை அளவு பிசகினாலும் கருவி வைத்து அளந்து தள்ளிவிடுகிற தொழிலாளி, தன் நெஞ்சு எரிந்தால், சோறு தொண்டையில் நின்றால், "தொக்கம் மாட்டிக் கொண்டது" என்று தொக்கம் எடுப்பவரைத் தேடிப் போகிறார். இயந்திரத்துக்கு அளவுகோல், சொந்த உடம்புக்கு மட்டும் ஊதுகுழலா?

தொக்கம் எடுப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வயிற்றில் எண்ணெய் தடவி நீவுவார்கள். குழலை வைத்தோ, வாயை வைத்தோ உறிஞ்சுவார்கள். பிறகு ஒரு கறித்துண்டையோ, சோற்றுப் பருக்கையையோ துப்பிக் காட்டி, "பார், மூன்று மாதமாக உள்ளே இருந்தது இதுதான்" என்பார்கள். நாமும் பயபக்தியோடு பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்து வருகிறோம்.

தோழர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். தொண்டையிலிருந்து இரைப்பை வரையில் உணவுக்குழல் சுமார் 10 அங்குல நீளம். விழுங்கிய கவளம் சில வினாடிகளில் அதைக் கடந்துவிடும். இரைப்பைக்குள் இருக்கும் அமிலமோ கறியையே கரைக்கக்கூடியது. வயிற்றுத் தோலிலே வழி கிடையாது. அப்படியிருக்க, மூன்று மாதத்துக் கறி அழுகாமல், கரையாமல், தோலைத் துளைக்காமல் வெளியே வருவதென்றால், அது வயிற்றிலிருந்து வந்ததா, எடுப்பவரின் கடைவாயிலிருந்து வந்ததா?

இது வெறும் வாதமல்ல. பிரத்தியட்சமாகப் பார்த்த சங்கதி. அமெரிக்காவில் 1822-இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலியாளுக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, புண் ஆறிய பின்னும் இரைப்பைக்கு வெளியிலிருந்து ஒரு துவாரம் நின்றுவிட்டது. வில்லியம் போமாண்ட் என்ற டாக்டர் 1825-இல் அந்தத் துவாரத்தின் வழியே உணவுத் துண்டுகளை நூலில் கட்டி இறக்கி, மணிக்கு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். வேகவைத்த மாட்டிறைச்சி இரண்டு மணி நேரத்தில் நூலில் இல்லாமல் கரைந்து போயிருந்தது. இதையெல்லாம் 1833-இல் புத்தகமாகவே போட்டார். நம் தொக்கக்காரருக்கு மட்டும் மூன்று மாதம் கரையாத கறி எங்கிருந்து கிடைக்கிறது? அடுத்த முறை, உறிஞ்சுவதற்கு முன் அவரை வாய் கொப்பளிக்கச் சொல்லி, குழலையும் கையையும் சோதித்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். அன்றைக்கு அவருக்கு நாள் நன்றாயிருக்காது!

"எடுத்ததும் சுகமாயிற்றே" என்று கேட்பீர்கள். பத்தியம் இருக்கச் சொல்லுகிறார். அதனால் வயிற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது. பயம் போகிறது. அன்றியும் சாதாரண அஜீரணம் இரண்டு நாளில் தானாகவே போய்விடுவது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உண்மையாகவே கறித்துண்டு குழலில் சிக்கினால், எச்சில்கூட இறங்காது. அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காரியம்.

நிற்க. நெஞ்செரிச்சல் ஏன் வருகிறது? இரைப்பையின் வாயில் ஒரு தசைக் கதவு இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறிக் குழலைப் பொசுக்குகிறது. இரவு ஷிப்டு முடிந்து வந்து, பசியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, உடனே படுக்கிறோம். படுத்தால் அமிலம் ஏற வழி சுலபம். வீட்டிலே எல்லோரும் தின்று முடித்த பின் கடைசியில் சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற பெண்களுக்கும் இதே கதிதான். கடைசியில் சாப்பிடுவது பத்தினி தர்மம் என்று சொல்லிக் கொடுத்தார்களே, அந்தத் தர்மமும் நெஞ்செரிச்சலுக்கு உதவி செய்கிறது!

ஆகவே வீட்டு வைத்தியம் என்றால் முதலில் இவைதாம்: சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஆறு அங்குல உயரம் கட்டை வையுங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். தொப்பை இருந்தால் குறையுங்கள். பீடி, சிகரெட்டு, புகையிலை, சாராயம் இவற்றை விட்டொழியுங்கள்.

பாட்டி வைத்தியம் எல்லாவற்றையும் நான் தள்ளவில்லை; சோதித்துக் கொள்ளுங்கள் என்கிறேன். சீரகத் தண்ணீரும் நீர்மோரும் ஒத்துக் கொண்டால் குடியுங்கள், கெடுதியில்லை. பால் அப்போதைக்குத் தணிக்கும். பிறகு அமிலத்தை மறுபடி சுரக்க வைக்கும். புதினா நல்லதென்பார்கள், அது அந்தத் தசைக் கதவைத் தளர்த்துவதால் சிலருக்கு எரிச்சல் அதிகமாகும். ஆப்ப சோடா அமிலத்தை முறிக்கும் என்பது மெய். ஆனால் அதிலுள்ள உப்புச்சத்து இரத்தக் கொதிப்புக்காரருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் ஆகாது. தினசரி சோடா தேடுகிற நிலை வந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்றே அர்த்தம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எரிச்சல் வேறு, விழுங்க முடியாமை வேறு. முதலில் சோறும் இட்லியும் நிற்கிறது, தண்ணீர் குடித்தால் இறங்குகிறது, பிறகு கஞ்சியும் நிற்கிறது, உடம்பு இளைக்கிறது. இரத்த வாந்தி வருகிறது, மலம் தார்போல் கறுக்கிறது. இவற்றில் ஒன்று கண்டாலும் கஷாயத்தில் ஒரு நாளும் கழிக்காதீர்கள். உணவுக்குழலில் புற்று இருக்கலாம். அமிலம் சுட்ட புண் ஆறிச் சுருங்கியதாயும் இருக்கலாம். எது என்பதை உள்ளே குழாய்க் கருவி விட்டுப் பார்த்தால்தான் தெரியும். சுருக்கமானால் விரித்துவிட முடியும். புற்றானால், தொடக்கத்தில் கண்டவருக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதுபோலவே, நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், "வாயு" என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள். அது மாரடைப்பாயிருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள்.

நமக்கு அடுத்த காஞ்சிபுரத்துக்காரர், "விடுதலை"யிலும் "குடி அரசி"லும் பணிபுரிந்தவர், அறிஞர் அண்ணா. 1967-இல் முதலமைச்சரானார். உணவுக்குழலில் புற்று கண்டு 1968-இல் நியூயார்க்குக்குச் சென்று அறுவை செய்துகொண்டார். அப்படியும் 1969 பிப்ரவரி 3-இல் அவரை இழந்தோம். அவருக்கிருந்த புகையிலைப் பழக்கத்தை நாடறியும். இந்த நோய்க்குப் பெரிய காரணங்களில் புகையிலை ஒன்று என்பதை வைத்திய உலகம் அறியும். பதவியும் உலகத்திலேயே தேர்ந்த டாக்டர்களும் இருந்தும் மீட்க முடியாத நோய் அது. அதற்கு நாம் குழல் ஊதி மூன்று மாதத்தைக் கடத்தினால் அதற்குப் பெயர் வைத்தியமா, கொலையா?

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயராலேயே அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. செங்கற்பட்டிலும் சென்னையிலும் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று பிடிக்கிறார்களே, அது தர்மமல்ல, உங்கள் பணம். காண்டிராக்டுத் தொழிலாளியானாலும் அட்டை எங்கே என்று கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்படுகிறவன்தான் தொக்கக்காரனிடம் போகிறான்.

தோழர்களே! யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அப்படியே நம்பாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு விழுங்கக் கஷ்டம் என்றால், விவாதத்தை அப்புறம் வைத்துக் கொண்டு, நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்று கேட்டுக் கொண்டு, இத்துடன் என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.