மணிக்கட்டின் மறைந்த காயம்



மழைக்காலத்திலே கிணற்றடியில் ஒருவருக்குக் கால் வழுக்குகிறது. விழுகின்றவர் எண்ணிப்பார்த்துக் கையை ஊன்றுவதில்லை. கை தானாகவே முன்னால் நீளுகிறது. உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் வந்து இறங்குகிறது. தலையைக் காத்த கை, தான் முறிந்துவிடுகிறது.

இவ்வாறு பெரிதும் முறிவது, முன்கையிற் பெருவிரற் பக்கமாக உள்ள ஆரை எலும்பின் கீழ்முனையாகும். டப்ளின் நகரத்துச் சத்திர வைத்தியர் ஏபிரகாம் கொலிஸ் 1814ஆம் ஆண்டில் இம்முறிவை விவரித்து எழுதினார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதோ 1895இல். முறிந்த கை கோணலாகப் பொருந்தினாலும் காலப்போக்கில் நோவின்றி இயங்கும் என்று அவர் கருதினார். முதியோர் பலரிடத்தில் இது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கிறது. ஆனால், கையை நம்பி உழைக்கும் இளைஞர் சிலர், எலும்பு பொருந்திய பின்னரும் வாளியைத் தூக்க முடியாமல் வருந்துகின்றனர். இதற்குக் காரணம் என்ன?

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசைகளாக அமைந்துள்ளன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பவை உறுதியான நார்கள். படகு வடிவ எலும்பையும் பிறை வடிவ எலும்பையும் இணைக்கும் நார் இவற்றுள் மிக முக்கியமானது. சிறுவிரற் பக்கத்திலே முக்கோண வடிவான குருத்தெலும்புத் தகடொன்றும் உண்டு. எலும்பு முறியும் அதே வேகத்தில் இவையும் கிழியக்கூடும். எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும், நார் தெரியாது. நார் முற்றாக அறுந்து எலும்புகள் விலகினால், அந்த இடைவெளியைக் கொண்டு ஊகிக்கலாம். சிறிய கிழிவுகள் தப்பிவிடும். படகெலும்பையும் பிறையெலும்பையும் பிணைக்கும் நார் அறுந்து, கவனியாது விடப்படின், எலும்புகள் சாய்ந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டுத் தேய்ந்து வாதமாக முடியலாம்.

மறைந்த இக்காயத்தை நேரிலே காண உதவுவது ஆர்த்ரோஸ்கோப் என்னும் மூட்டு நோக்கி. 1918ஆம் ஆண்டில் தோக்கியோவில் தக்காகி கெஞ்சி என்னும் வைத்தியர், சிறுநீர்ப்பையை நோக்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலினுட் செலுத்திப் பார்த்தார். அன்று முழங்காலில் தொடங்கிய முறை, கருவி சிறுக்கச் சிறுக்க மணிக்கட்டுக்கும் வந்தது. இன்று அதற்குப் பயன்படும் குழாய் இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் பருமனே உடையது.

நோயாளியை மயக்கியோ கையை மட்டும் மரக்கச் செய்தோ, விரல்களுக்கு உறையிட்டுக் கையை மேல்நோக்கி இழுத்து நிறுத்துவார்கள். மூட்டு சிறிது விரியும். புறங்கைப் பக்கமாகச் சில மில்லிமீற்றர் அளவான துளைகளையிட்டுக் குழாயைச் செலுத்தினால், உட்புறம் திரையிலே பெரிதாகத் தெரியும். உறைந்த இரத்தத்தைக் கழுவி, உடைந்த துண்டுகளைச் சமன்செய்து, கம்பியாலோ தகட்டாலோ பொருத்துவார்கள். மூட்டின் பரப்பில் இரண்டு மில்லிமீற்றர் மேடுபள்ளமும் பிற்காலத்துத் தேய்வுக்கு வழிகோலலாம். பின்னர், சிறு கொக்கியொன்றால் நார்களைத் தொட்டு, அவை இறுக்கமாக உள்ளனவா என்று சோதிப்பார்கள். பிசிறிய பகுதியைச் சீராக்கலாம். கழன்ற தகட்டைத் தைக்கலாம். விலகிய எலும்புகளை மெல்லிய கம்பிகளாற் சில வாரங்கள் நிலைநிறுத்தலாம். முற்றாக அறுந்த நாருக்குத் திறந்த சத்திரசிகிச்சையும் வேண்டியிருக்கலாம்.

எல்லா முறிவுக்கும் இது வேண்டுவதன்று. விலகாத சாதாரண முறிவுக்குப் பாரிஸ் சாந்துக் கட்டே போதும். மூட்டு நோக்கியால் ஒவ்வொருவருக்கும் மேலதிக நன்மை கிட்டும் என்று நிறுவப்படவுமில்லை. தேர்ந்த கையும் தகுந்த கருவியும் இதற்கு அவசியம்.

ஆகவே, நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டியவை சில. விழுந்த கையை எண்ணெய் பூசி இழுத்து உருவ வேண்டாம். முதற் படத்தில் முறிவு தெரியாவிட்டாலும், பெருவிரலின் அடிக்குழியில் நோவிருந்தால், வைத்தியர் சொல்லும் நாளில் மீண்டும் படம் எடுப்பித்துக்கொள்ளுங்கள். கட்டு அவிழ்த்த பின்னர், பிடிக்கும்போதோ திருகும்போதோ நோவும் சொடுக்கும் நீடித்தால், "எலும்பு பொருந்திவிட்டதே" என்று பொறுத்திருக்க வேண்டாம். நார்க் காயம் புதிதாக இருக்கும்போதே திருத்துவது எளிது. மாதங்கள் கடந்தால் அது அரிதாகும். நோவு இருக்கும் இடத்தை விரலாற் சுட்டி வைத்தியரிடம் சொல்லுங்கள். படம் காட்டாத காயத்தைத் தேடுவதற்கு அதுவே அவருக்கு முதல் வழிகாட்டி.