முன்வரிசையில் நின்ற தச்சர்

விளையாட்டரங்கிலே புள்ளி ஈட்டியவரை உலகம் அறியும். பந்தை ஏந்தி ஓடியவரின் படத்தைப் பத்திரிகைகள் வெளியிடும். ஆனால், அவர் ஓடுவதற்கு வழி அமைத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. றக்பி ஆட்டத்தில் இப்பணியைச் செய்பவரைப் 'புறொப்' என்று அழைப்பர். முட்டு என்பதே அச்சொல்லின் பொருள். சாயும் சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுப்பது போல, பந்துக்காகப் பொருதும் தம் கூட்டத்துக்குத் தோளால் முட்டுக் கொடுப்பவர் அவர். அப்பணியில் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இங்கிலாந்து அணியில் நிலைத்து நின்றவர் ஜேசன் லெனாட்.

கொழும்பிலும் கண்டியிலும் றக்பி ஆட்டத்தைக் கண்ட நேயர்கள் 'ஸ்கிரம்' என்னும் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சிறு தவறொன்றினால் ஆட்டம் தடைப்படும்போது, அணிக்கு எண்மராக இருசாராரும் குனிந்து, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, எதிரெதிரே தோள் பொருத்தித் தள்ளுவர். நடுவே இடப்படும் பந்தைக் காலாற் பின்னே இழுத்துக் கவர வேண்டும். முன்வரிசையில் நிற்போர் மூவர். நடுவில் நிற்பவர் பந்தைக் காலால் இழுப்பவர். அவருக்கு இருமருங்கும் நிற்போரே புறொப்புகள். இடப்பக்கத்தவரின் தலை ஒருபுறம் வெளியே இருக்கும். வலப்பக்கத்தவரின் தலையோ எதிரணியினர் இருவரின் தலைகளுக்கிடையே அகப்பட்டிருக்கும். முதன்மை அணிகளில் எண்மரின் மொத்த நிறை 800 கிலோகிராமைத் தாண்டும். பின்னாலிருந்து தோழரும் முன்னாலிருந்து எதிரணியினரும் தள்ள, அவ்விசையின் பெரும்பகுதியைப் புறொப்பின் தோளும் கழுத்தும் முதுகுமே தாங்குகின்றன. இருபக்கங்களுக்கும் வேண்டிய நுட்பங்கள் வெவ்வேறானவை. ஆதலால் பெரும்பாலோர் ஒரு பக்கத்திலேயே தேர்ச்சி பெறுவர். லெனாட்டோ இருபக்கத்திலும் நின்று சர்வதேச ஆட்டங்களில் விளையாடியவர்.

அவர் 1968 ஆம் ஆண்டில், இலண்டனின் கிழக்கே உள்ள பார்க்கிங் என்னும் ஊரிற் பிறந்தார். தச்சுத் தொழில் பயின்றார். அக்காலத்தில் றக்பி யூனியன் ஆட்டத்திற்கு ஊதியம் பெறுதல் விதிக்கு மாறானது. ஆகவே, பகலில் உளியும் சுத்தியலும் பிடித்த கையே மாலையிற் பயிற்சித் திடலிலும் உழைத்தது. ஊர்க் கழகத்தில் ஆடத் தொடங்கியவர், பின்னர் சரசென்ஸ் கழகத்திலும், 1990 முதல் ஹார்லிகுவின்ஸ் கழகத்திலும் ஆடினார். அவ்வாண்டு யூலை மாதத்தில் ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவெனஸ் அயர்சில் இங்கிலாந்துக்காக முதன்முறையாகக் களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 21. உடலும் உத்தியும் முதிர்ந்த பின்னரே ஒருவர் முன்வரிசைக்கு உரியவராவார் என்பது அவ்வாட்டத்தாரின் நம்பிக்கை. அந்நம்பிக்கையை மீறி அவருக்கு இடம் கிட்டியது. மறு ஆண்டில் உலகக் கிண்ண இறுதியாட்டத்திலும் ஆடினார். அதில் அவுஸ்திரேலியா 12க்கு 6 என வென்றது.

1992 இல் வேல்ஸ் அணிக்கெதிரான ஆட்டமொன்றில் அவரது கழுத்தெலும்புகளுக்கிடையே உள்ள வட்டத்தட்டு சிதைந்தது. கையில் உணர்வு மங்கியது. முன்வரிசை வீரருக்குக் கழுத்தே மூலதனம்; அது கெட்டால் தொழிலே முடிந்தது என்பர். சத்திரசிகிச்சையில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சிறு துண்டொன்றைக் கழுத்திற் பொருத்தினார்கள். ஆட்டமில்லாத கோடை மாதங்களிற் பொறுமையுடன் உடலைத் தேற்றிய அவர், அவ்வாண்டு ஒக்டோபரில் கனடாவுக்கெதிராக மீண்டும் அதே முன்வரிசையிற் குனிந்தார். இங்கிலாந்தின் ஆட்டமொன்றையேனும் அக்காயம் அவருக்குத் தவறச் செய்யவில்லை.

1995 ஓகஸ்ட் மாதத்தில், பரிஸ் நகரிற் கூடிய சர்வதேச றக்பிச் சபை, வீரர்கள் ஊதியம் பெறலாம் என்று அறிவித்தது. லெனாட்டின் வாழ்வு அந்த அறிவிப்பினால் இருகூறாயிற்று. முற்பகுதியில் அவர் பொழுதுபோக்காக ஆடிய தச்சர். பிற்பகுதியில் தொழின்முறை வீரர். பயிற்சி, உணவு, ஓய்வு யாவும் புதிய ஒழுங்கிற்கு உட்பட்டன. எதிரே நின்றோரின் நிறையும் வலிமையும் ஆண்டுதோறும் ஏறின. பழைய முறையில் வளர்ந்த பலர் இம்மாற்றத்தைத் தாங்காது ஒதுங்கினர், அவர் ஒதுங்கவில்லை. பிரித்தானிய, அயர்லாந்துச் சிங்கங்கள் அணியுடன் 1993, 1997, 2001 ஆகிய ஆண்டுகளில் மூன்று பயணங்களை மேற்கொண்டார்.

இங்கிலாந்துக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 114. அவை அனைத்திலுமாக அவர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் பெற்ற 'ட்றை' ஒன்றே ஒன்று. 1996 இல் ஆர்ஜென்ரீனாவுக்கெதிராக, தாமே அணித்தலைவராக நின்ற நாளில் அது வாய்த்தது. புள்ளிக் கணக்கை மட்டும் பார்ப்பவர், இத்தனை ஆண்டுகள் இவர் என்ன செய்தார் என்று வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை 2003 நவம்பர் 22 ஆந் திகதி சிட்னி நகரிற் கிடைத்தது.

அன்று உலகக் கிண்ண இறுதியாட்டம். இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் மோதின. ஸ்கிரம்மில் இங்கிலாந்தே வலிமை மிக்கதென்று பலரும் கருதியிருந்தனர். ஆயினும் தென்னாபிரிக்க மத்தியஸ்தர் அந்திரே வட்சன் அங்கே இங்கிலாந்துக்கெதிராகவே மீண்டும் மீண்டும் ஊதினார். முழுநேரம் முடியும் தறுவாயில் ஸ்கிரம்மில் வழங்கப்பட்ட தண்ட உதையால் ஆட்டம் 14க்கு 14 எனச் சமநிலையானது. மேலதிக நேரத்தில் பயிற்றுநர் கிளைவ் வூட்வார்ட், பில் விக்கரியை வெளியே அழைத்து, 35 வயதான லெனாட்டை உள்ளே அனுப்பினார்.

உள்ளே சென்றவர் வீரச்செயல் எதனையும் புரிய எண்ணவில்லை. தாம் முன்னேறித் தள்ளப்போவதுமில்லை, பின்வாங்கப்போவதுமில்லை, மேலெழப்போவதுமில்லை, கீழே விழப்போவதுமில்லை என்று மத்தியஸ்தரிடம் தெரிவித்ததாக அவரே பின்னாளிற் கூறியிருக்கிறார். தம் வலிமையைக் காட்டி வெல்வதைவிட, மத்தியஸ்தர் ஊதுவதற்குக் காரணமே இல்லாமற் செய்வதுதான் அப்போது வேண்டப்பட்டது. அதன்பின் ஸ்கிரம்மில் இங்கிலாந்துக்கு எதிராகத் தண்ட உதை எதுவும் வழங்கப்படவில்லை. இறுதிக் கணங்களில் ஜொனி வில்கின்சன் பந்தை நிலத்தில் விழவிட்டு உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்த, இங்கிலாந்து 20க்கு 17 என வென்றது. அந்த உதையை உலகம் நினைவிற் கொண்டுள்ளது. அதற்கு முன்னே ஒன்றும் நிகழாமற் காத்தவரை நினைப்போர் ஆட்டத்தை நன்கறிந்தவர்களே.

2004 பெப்ரவரியில் உரோம் நகரில் இத்தாலிக்கெதிராக அவர் தமது இறுதிச் சர்வதேச ஆட்டத்தை ஆடினார். இங்கிலாந்து ஆடவர் அணியில் அவரது 114 ஆட்டச் சாதனை பதினெட்டு ஆண்டுகள் நின்றது. 2022 இல் பென் யங்ஸ் அதனைக் கடந்தார். 2015 இல் லெனாட் இங்கிலாந்து றக்பிச் சங்கத்தின் தலைவரானார்.

எனினும், எல்லாக் கழுத்துகளும் அவர் கழுத்தைப் போல மீளவில்லை. 2005 இல் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிப் பயிற்சியில் ஸ்கிரம் சரிந்தபோது, மற் ஹம்சன் என்னும் 20 வயதுப் புறொப் கழுத்து முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பின்னர் அவர் தம்மைப் போன்று காயமுற்ற இளைஞர்களுக்காக ஓர் அறநிலையம் நிறுவினார். 2013 இல், இருசாராரும் முதலில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்ட பின்னரே ஸ்கிரம்மிற் பொருந்த வேண்டும் என விதி திருத்தப்பட்டது. மோதலின் வேகம் அதனாற் குறைந்தது. பிறர் ஓடுவதற்காகத் தம் கழுத்தைக் கொடுப்பவரின் கழுத்தைக் காப்பதும் ஆட்டத்தின் கடமையென அதனை ஆள்வோர் உணர்ந்தமைக்கு இத்திருத்தம் சான்றாகும்.

வீடு கட்டி முடிந்ததும் முட்டுகளை அகற்றிவிடுவர். குடிபுகுவோர் அவற்றைக் காண்பதில்லை. தச்சராய்த் தொடங்கிய லெனாட் இதனை நன்கு அறிந்திருப்பார். இனி ஒருமுறை றக்பி ஆட்டம் காணும் வாய்ப்புக் கிட்டுமாயின், பந்தோடு ஓடுபவரைக் காணுமுன், முன்வரிசையிற் குனிந்து நிற்பவரையும் நேயர்கள் ஒருகணம் நோக்குவார்களாக.