யாண்டு என்னும் அளவு



‘ஆண்டு’ என்னும் சொல்லை ஆராயக் கூடியிருக்கிறோம். அதற்குத் திருவிடந்தை மிகப் பொருத்தமான ஊர். காலவ முனிவரின் பெண்கள் 360 பேரையும் நாளுக்கு ஒருவராக வராகப் பெருமாள் மணந்துகொண்டார் என்கிறது தலபுராணம். நித்திய கல்யாணப் பெருமாள் என்ற திருநாமம் அதனால் வந்தது. ஆண்டு முழுவதும் என்பதை இங்கே 360 என்ற எண் குறிக்கிறது.

இதே தொண்டை மண்டலத்து உத்திரமேரூரிலும் அந்த எண் உண்டு. முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தாரின் பதவிக்காலத்தை 360 நாள் என்று வரையறுக்கிறது. ஒன்று புராணம், மற்றொன்று சபையின் சட்டம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லவில்லை. முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்களைச் சேர்த்த சாவன ஆண்டு 360 நாள். பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டோ 365 நாள் 15 நாழிகைக்குச் சற்று மேல். சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள். ஆக, ஆண்டு என்று படித்தவுடன் எந்த ஆண்டு என்று கேட்டாக வேண்டும்.

கல்வெட்டில் வரும் ‘யாண்டு’ இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது: யாருடைய ஆண்டு? அது சித்திரையில் பிறப்பதில்லை. மன்னன் ஆட்சி ஏற்ற நாளிலிருந்து எண்ணப்படுவது. முதலாம் ராஜராஜனின் ஆண்டு 985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. 1012இல் ராஜேந்திரன் இளவரசுப் பட்டம் ஏற்றபின் அவனுக்கும் தனி ஆண்டு ஓடுகிறது. எனவே 1013ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த சாசனம் தந்தை பெயரில் 29ஆவது என்றும், மகன் பெயரில் 2ஆவது என்றும் நிற்கலாம். பாண்டியர் சாசனங்களில் ‘இரண்டாவதின் எதிர் பதினோராவது’ என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பதின்மூன்று என்று கொள்கிறோம்.

இவற்றையெல்லாம் ஒரே கிறித்தவ ஆண்டாக மாற்றி அச்சிடும்போது சாசனம் சொல்லாத துல்லியத்தை அதன்மேல் ஏற்றிவிடுகிறோம். ஒரு கொடை எப்போது அளிக்கப்பட்டது, எந்தச் சபை எப்போது கூடியது என்ற வரலாறே அதனால் பிறழும். கல்வெட்டில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் இருந்தால் அந்த நாளையே கணிக்கலாம்; கீல்ஹார்னும் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் அந்த வழியை நமக்கு அமைத்துத் தந்தார்கள். அவை இல்லாதபோது 1013–14 என்று இரண்டு ஆண்டுகளாகக் குறிப்பதே நேர்மை.

இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் மூலத்தின் யாண்டுத் தொடரை முதலில் தரட்டும்; நம் கணக்கு அதன் அருகில் தனியே நிற்கட்டும். இதை இந்தக் கருத்தரங்கின் நெறியாக ஏற்குமாறு வேண்டி, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.