பேசி முடிக்கக் கூடாத தொகை

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, வந்தவாசி, 2025 டிசம்பர் 6)



டிசம்பர் 6 அன்று அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நாங்கள் இன்று அரிசி ஆலையில் விரல் போனவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது அம்பேத்கருக்குத் தொலைவான பேச்சு அல்ல. 1936இல் அவர் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்றுதான் பெயர். 1938இல் மன்மாடில், ரயில்வேயில் வேலை பார்த்த தலித் தொழிலாளர்களின் மாநாட்டில், தொழிலாளர்களுக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் இருப்பதாகப் பேசினார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. பின்னாளில் இஎஸ்ஐ சட்டமாக வந்த திட்டத்துக்கு அடிப்படையான அடார்கர் அறிக்கை 1944இல், அவர் பொறுப்பில் இருந்தபோது வந்தது.

இதில் நம் மாநிலத்துக்கென்று ஒரு தனிக்கதை உண்டு. 1920இல் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்று ஒரு பதவியை ஏற்படுத்தியது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை தருவது, கிணறு வெட்டுவது, பள்ளி நடத்துவது எல்லாம் அந்த அலுவலகத்தின் வேலை. 'லேபர் ஸ்கூல்' என்று நம் தாத்தாக்கள் சொன்னது அந்தப் பள்ளிகளைத்தான். அன்றைய அரசின் கண்ணில் தொழிலாளி என்றால் சேரிக்காரர், சேரிக்காரர் என்றால் தொழிலாளி. பிறகு கோப்புகள் பிரிந்தன. ஒரு கட்டு ஆதிதிராவிடர் நலத்துறைக்குப் போனது, இன்னொன்று தொழிலாளர் துறையிலேயே நின்றது. நம் இயக்கங்களும் அந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டன. வன்கொடுமை வழக்கு என்றால் கூட்டமாகப் போகிறோம். ஆலையில் செத்தால் 'விபத்து' என்று சொல்லி, மாலை போட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

நம் வட்டாரத்தில் உடம்பு எங்கெல்லாம் அடிபடுகிறது என்று பாருங்கள். ஆரணியில் அரிசி ஆலைகள். நெல் அவிக்கும் இடத்தில் கொதிநீர், ஓடுகிற பெல்ட், மூட்டை ஏற்றும் முதுகு. சுற்றிலும் கல்குவாரிகள். கிணறு வெட்டப் போகிறவர்கள், கதிரடிக்கும் இயந்திரத்தில் கட்டு தள்ளுகிறவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் சாரத்தில் நிற்கிற நம் பிள்ளைகள். வந்தவாசிப் பாயும் ஆரணிப் பட்டும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து தேய்ந்த முதுகுக்குச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இடமில்லை. கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் அதில் இருக்கிறது. வீட்டிலேயே தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவருக்கு முதலாளி யார் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

ஒரு சாவு நடந்த பிறகு இங்கே என்ன நடக்கிறது என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். முதல் வார்த்தை, "அவனாகப் போய்க் கையை விட்டான்." இரண்டாவது வார்த்தை, "குடித்திருந்தான்." உடல் மருத்துவமனையில் கிடக்கும். நாம் வாங்க மறுப்போம், சாலையில் உட்காருவோம். சாயங்காலத்துக்குள் யாராவது இரண்டு பேர் நடுவில் வந்து பேசுவார்கள். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று ஒரு தொகை சொல்லப்படும். முத்திரைத்தாளில் 'இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்' என்று எழுதி, அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வைப்பார்கள். பேசி முடித்தாயிற்று.

இந்தப் 'பேசி முடித்தல்' சட்டப்படி செல்லாது என்பதைச் சொல்லத்தான் வந்தோம். இது நேற்று வந்த சட்டமும் அல்ல. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 8ஆம் பிரிவு, இறந்த தொழிலாளிக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்கிறது. குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம் இழப்பீடு கொடுத்ததாகவே கருதப்படாது. முன்பணமாகக் கொடுத்ததில் மூன்று மாதக் கூலி அளவுக்கு மட்டும் கழித்துக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவரிடம் ஒப்பந்தம் போட்டால் அது ஆணையரிடம் பதிவாக வேண்டும்; தொகை போதாது என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய எந்தத் தாளும் 17ஆம் பிரிவின்படி செல்லாது. ஆகவே ரேகை வைத்த அந்தப் பெண் மறுநாளே மனுப் போடலாம். விபத்து நடந்து, அல்லது இறந்து, இரண்டு ஆண்டுகள் வரை போடலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஆணையர் ஏற்கலாம். அந்த ஆணையர் வேறு யாரும் அல்ல, தொழிலாளர் துறை அதிகாரிதான்.

எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். நம்மீது பாசத்தால் எழுதவில்லை. ஆனால் செத்தவன் வீட்டில் முதலாளி பேரம் பேசினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு பாதுகாப்பைச் சட்டம் எழுதி வைத்தும், நூறு ஆண்டு கழித்து நாம் ஆலை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.

தொகையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இறப்பு என்றால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று அட்டவணையில் தந்திருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். வயது 30 என்றால் அந்த எண் 207.98. கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சம் 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். அதற்கு முன் 8,000தான். நாளுக்கு 500 ரூபாய் வாங்கிய முப்பது வயதுக்காரர் இறந்தால் 7,500 பெருக்கல் 207.98: 15,59,850 ரூபாய். முத்திரைத்தாளில் எழுதியது இரண்டு லட்சம். நிரந்தரமாக முழுதும் முடங்கினால் பாதிக்குப் பதில் அறுபது விழுக்காடு: 18,71,820. ஒரு கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு இழப்பு என்கிறது அட்டவணை. அதே ஆளுக்கு அது 5,61,546 ரூபாய். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடு. விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 விழுக்காடு வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அதற்கு மேல் 50 விழுக்காடு வரை அபராதம்.

அட்டவணையோடும் நிற்க வேண்டியதில்லை. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்ற வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு தச்சருக்கு இடக்கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. ஒரு கைதானே போனது, பகுதி இழப்புத்தானே என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு நூறு விழுக்காடு என்றது நீதிமன்றம். பணம் கட்டும் பொறுப்பு, ஆணையர் உத்தரவு போடும் நாளில் அல்ல, விபத்து நடந்த நாளிலேயே வந்துவிடுகிறது என்றும் சொன்னது. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கு முதுகெலும்பில் ஒரு முறிவு என்றால் அது எத்தனை விழுக்காடு? மருத்துவரின் சான்றிதழ் ஒரு எண் சொல்லும். அவர் செய்துவந்த வேலை இன்னொரு எண் சொல்லும். இரண்டாவதைக் கேட்டு வாதாடுகிற வழக்கறிஞர் நமக்கு வேண்டும்.

'அவன் தப்பு' என்ற பேச்சுக்கு வருவோம். இந்தச் சட்டத்தில் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டார் என்றால் போதும். குடித்திருந்தார், சொன்னதைக் கேட்கவில்லை என்ற வாதங்கள் சிறு காயங்களில் எடுபடலாம். இறப்பிலும் நிரந்தர முழு முடக்கத்திலும் அவை எடுபடா. சேரிக்காரர் செத்தால் முதலில் வாயை முகர்ந்து பார்க்கிற ஊரில் இந்த விதியை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும்.

"மேஸ்திரி கூட்டிக்கொண்டு போனார், ஆலைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்பார்கள். சம்பந்தம் உண்டு. ஒப்பந்தக்காரர் ஆளுக்கும் முதன்மை முதலாளி பொறுப்பு. கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. "தினக்கூலிதானே" என்பார்கள். தற்காலிக வேலையாளை விலக்கி வைத்த வரியை 2000ஆம் ஆண்டின் திருத்தம் எடுத்துவிட்டது. "பெங்களூரில்தானே செத்தான்" என்பார்கள். குடும்பம் வசிக்கும் இடத்தின் ஆணையரிடமே மனுப் போடலாம்.

மலக்குழிச் சாவுகளைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க முடியாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஒரு டிசம்பர் 6தான். 2014 மார்ச் 27இல், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் நடத்திய வழக்கில், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபர் 20இல், பல்ராம் சிங் வழக்கில், அது 30 லட்சமானது; நிரந்தரமாக முடங்கினால் குறைந்தது 20 லட்சம். இந்தத் தொகையை வாங்கித் தந்தது யாருடைய கருணையும் அல்ல. பெயர், ஊர், தேதி, குழி என்று செத்தவர்களின் பட்டியலை ஆண்டுக்கணக்கில் எழுதித் தொகுத்தார்கள். அந்தப் பட்டியல்தான் வாதாடியது. அரிசி ஆலையிலும் குவாரியிலும் செத்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் நம் மாவட்டத்தில் யாரிடமும் இல்லை. எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கசக்கும். பேசி முடிக்கும் இடத்தில் நம் நீலக்கொடி கட்டிய வண்டியும் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். போராட்டத்தை முடித்து வைப்பதற்கு ஒரு பங்கு, உடலை வாங்க வைப்பதற்கு ஒரு பங்கு. செத்தவர் வீட்டில் விளக்கேற்றும் முன் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. சாதிவெறியரை எதிர்த்துப் பேசுகிற துணிச்சல் இதிலும் வேண்டும். உடலை வாங்க மறுத்துப் போராடுவது தவறே அல்ல. முதல் தகவல் அறிக்கையும் அரசு நிவாரணமும் பல நேரம் அதனால்தான் கிடைக்கின்றன. ஆனால் உடலை எரித்த மறுநாள் யார் அந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. முதலமைச்சர் நிவாரண நிதி வேறு, நலவாரிய உதவி வேறு, முதலாளி கொடுக்க வேண்டிய இழப்பீடு வேறு. முதல் இரண்டும் கிடைத்ததைக் காட்டி மூன்றாவதை விடச் சொல்வார்கள். விடக்கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வழக்கின் பாதி விதி முதல் ஒரு மணி நேரத்தில், அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. 'எப்படி அடிபட்டது' என்ற இடத்தில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று இருந்தால், பிறகு பத்துச் சாட்சி வந்தாலும் கரை சேர்வது கடினம். கூட்டிவருவது பெரும்பாலும் ஆலையின் ஆள், பேசுவதும் அவரே. அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார். அந்த நேரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளை ஒருவர் பக்கத்தில் நின்று, "ஆலையில், பெல்ட்டில் சிக்கி" என்று சொல்லி எழுத வைத்தால் அது ஒரு வழக்கறிஞர் செய்யும் வேலைக்குச் சமம். கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்லத் தயங்குவார்கள். நாளைக்கும் அதே ஆலைக்குத்தான் போக வேண்டும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் காகிதம் முக்கியம்: கூலி போட்ட வங்கிக் கணக்கு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வேலையிடத்தில் எடுத்த ஒரு புகைப்படம்.

தொகை ஆணையரிடம் போவதில் இன்னொரு நன்மை உண்டு. பிரித்துக் கொடுப்பது அவர். விதவை, மைனர் மகன், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோரே சட்டப்படி முதல் வரிசைச் சார்ந்தோர். பேசி முடித்த பணம் மைத்துனர் கைக்கும் பங்காளி கைக்கும் போய், பெண் கையில் ஒன்றும் நிற்காத கதைகளை நாம் அறிவோம். பிள்ளைகளின் பங்கை ஆணையர் வைப்பில் போட வைக்கலாம். கடன்காரர் அதைப் பறிமுதல் செய்ய முடியாது.

கடைசியாக, பதினைந்து நாளுக்கு முன் வந்த மாற்றம். நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாங்கள் சொன்ன பிரிவு எண்கள் பழையவை. அதற்கு முன் நடந்த விபத்துகளின் உரிமை அழிந்துவிடவில்லை. நான்கு தொகுப்புகளின் மீதும் தொழிற்சங்கங்களுக்கு உள்ள எதிர்ப்பில் நாங்களும் நிற்கிறோம். ஆனால் இந்த அத்தியாயத்தில் கைக்கொள்ள வேண்டிய ஒரு வரி இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும். இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு இது 2010 முதலே உண்டு. விடியும் முன் வேனில் அடைந்துகொண்டு செய்யாறு சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் போகிற நம் பெண்களுக்கு இது பெரிய விஷயம். தொடர்பை நிறுவ வேண்டியது நாம். ஆகவே வேனின் எண், ஓட்டுநரின் எண், ஷிப்டு அட்டை மூன்றையும் படம் எடுத்து வீட்டில் ஒருவர் செல்பேசியில் போட்டு வையுங்கள். இன்று இரவே செய்யலாம்.