வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும்



முகத்துவாரத்து ஒழுங்கையொன்றில் மாலை வேளையில் நின்று, "தம்பி!" என்று உரக்க அழைத்தால் பல வாசல்களில் தலைகள் தோன்றும். வீட்டினுள்ளே அன்னை அப்பெயரைச் சொல்லி அழைத்தாலோ ஒருவனே வருவான். அப்பெயருக்கு அவ்வீட்டு நிலைப்படியே எல்லை. 'களனி கங்கை' என்பது அவ்வாறன்று; எவ்வீட்டிலிருந்து சொன்னாலும் இங்கே கடலொடு கலக்கும் அந்த ஓர் ஆற்றையே குறிக்கும்.

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரும் பெயர்களை இவ்வாறே வகுக்கின்றனர். மதிப்பொன்றை வைத்திருக்கும் பெயரை மாறி என்பர். குறித்த ஒரு வேலையைச் செய்து முடிக்கும் பகுதியைச் சார்பு என்பர். சார்பினுள்ளே பிறந்து அங்கேயே மறைவது உள் மாறி. எல்லாச் சார்புகளுக்கும் தெரிவது பொது மாறி.

கலைப் பட்டதாரியாகிய எனக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் வினவலாம். எங்கள் பாடசாலையில் மாணவனொருவன் தவணைப் புள்ளிகளைக் கணிக்கப் பைதன் மொழியிற் செய்நிரல் எழுதினான். ஒன்பது பாடப் புள்ளிகளையும் கூட்டும் மாறிக்கு 'மொத்தம்' என்று பெயர். பிள்ளையின் வரவு போதுமானதா என்று பார்க்கும் சார்பிலும் அதே பெயரை வைத்து, தொடக்கத்திற் சுழியம் இட மறந்தான். சார்பினுள்ளே மதிப்பிடப்படும் பெயரைப் பைதன் உள் மாறியாகவே கொள்ளும். ஆதலால், மதிப்பில்லாத பெயரைக் கூட்ட முடியாது என்று கணினி மறுத்தது. அவனோ 'குளோபல்' என்ற சொல்லைச் சேர்த்து அதைப் பொது மாறியாக்கினான். பிழைச் செய்தி மறைந்தது, பிழை மறையவில்லை.

வரவு நாட்கள் புள்ளிகளோடு சேர்ந்துகொண்டன. 612 புள்ளி பெற்று 54 நாள் வந்த பிள்ளைக்குச் சராசரி 68 ஆதல் வேண்டும்; 74 என்று வந்தது. நோயுற்று 18 நாளே வந்தும் 621 புள்ளி பெற்ற சிறுமிக்கு 69 ஆதல் வேண்டும். 71 என்று வந்தது. முதலிடம் கைமாறிற்று. எண்கள் நம்பத்தக்கனவாக இருந்தமையால் எவரும் ஐயுறவில்லை. வகுப்பாசிரியை கையாற் கூட்டிப் பார்த்த பின்னரே உண்மை வெளியாயிற்று. மறுநாட் காலைக் கூட்டத்தில் அச்சிறுமியிடம் யானே வருத்தம் தெரிவித்தேன்.

பெயர்களுக்கு எல்லை வகுக்கும் முறையை 1960ஆம் ஆண்டின் அல்கோல் மொழியே தெளிவாக நிலைநாட்டிற்று. 1973இல் வில்லியம் வுல்ஃப், மேரி ஷா என்னும் அறிஞர் இருவர் பொது மாறிகளின் தீங்கை விளக்கிக் கட்டுரை வரைந்தனர். எங்கிருந்தும் மாற்றத்தக்க ஒன்றை யார் மாற்றினார் என்று அறிவது அரிது அன்றோ?

அவ்வாறாயின், சார்புகள் ஒன்றோடொன்று மதிப்புகளைப் பகிர்வது எங்ஙனம்? பாடசாலைப் பண்டகசாலையைப் பாருங்கள். பொருளைக் கையொப்பமிட்டுப் பெறுகிறோம். வேலை முடிந்ததும் கையொப்பமிட்டு ஒப்படைக்கிறோம். சார்பும் தனக்கு வேண்டியதை வாசலில் உள்ளீடாகப் பெற்று, முடிவை வாசல் வழியே திருப்பியளித்தல் வேண்டும். ஒருபோதும் மாறாத பொதுச் செய்திகளை, பாடங்களின் எண்ணிக்கை போன்றவற்றை, எல்லோரும் வாசிக்கலாம், அதனால் இடரில்லை.

அம்மாணவனும் அவ்வாறே திருத்தி எழுதினான். இப்பொழுது வரவைப் பார்க்கும் சார்பு தன் எண்ணிக்கையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. புள்ளிகள் இருக்குமிடத்தை அது அறியாது. கணினி நாம் சொன்னதைச் செய்யும். நாம் எண்ணியதைச் செய்யாது. ஆகவே, பெயரிடுமுன் அதன் எல்லையைத் தீர்மானியுங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.