கான்சாகிபைக் கட்டிய கைகள்



மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு எனும் முகமது யூசுப்கானின் தர்கா உள்ளது. 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டவர் அவர். கான்பாளையமும் கான்சாமேட்டுத் தெருவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நாட்டார் கதைப்பாடல் ஒன்று அவருடைய சண்டையைப் பாடுகிறது. அவரைப் பிடித்துக் கொடுத்தவர்களின் கதையோ துரோகிகள் என்னும் ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. அச்சொல் போதுமா என்பதை இந்த அவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதுரைக் கோட்டையைப் பீரங்கிகள் வெல்லவில்லை. 1764 ஜூன் 26ஆம் நாள் கும்பினிப் படை நடத்திய பெருந்தாக்குதலைக் கான்சாகிபு முறியடித்தார். அதன்பின் மேஜர் காம்ப்பெல் முற்றுகையை இறுக்கி, கோட்டைக்குள் உணவு புகாமல் தடுத்தார். பசி உள்ளே புகுந்தது. பசியோடு சதியும் புகுந்தது.

சதியில் முன்னின்றவர் மூவர்: திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு, பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்து. மூவரும் அவரிடம் ஊழியம் செய்தவர்கள். ஆனால் ஒரே தன்மையர் அல்லர். 1763இல் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் செய்துகொண்டபின், மார்ச்சந்துக்கு அம்மண்ணில் போரிடக் காரணம் எதுவும் எஞ்சவில்லை. வாக்குவாதம் ஒன்றில் கான்சாகிபு அவரைச் சவுக்கால் அடித்ததாகவும் சொல்வர். தன் ஆட்களின் உயிருக்கு உறுதி பெற வேண்டிய கணக்கும் அவமானத்தின் வடுவும் அவரிடம் ஒன்றுகூடின. திவானும் மருத்துவரும் நிலை வேறு. ஒருவர் கையில் அரசின் கணக்கு. மற்றவர் கையில் அரசனின் நாடி. கோட்டை இனி நிற்காது என்பதை எவரினும் முன்னதாக அறியக்கூடியவர்கள் இவ்விருவருமே.

அக்டோபர் 13ஆம் நாள், தொழுகையில் இருந்த கான்சாகிபை அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. காவலர் அறியாமல் அந்த அறைக்குள் பகைவன் நுழைந்திருக்க முடியாது. நம்பப்பட்டவர்களால் மட்டுமே நுழைய முடிந்தது.

செஞ்சோற்றுக் கடனைப் போற்றும் மரபு நம்முடையது. சோறு தீர்ந்த கோட்டையில் அக்கடன் எதுவரை செல்லும்? சேவகரின் கடனைப் பாடிய நாம், அவரைச் சவுக்கால் அடித்த தலைவனின் கடனை அந்த அளவுக்குப் பாடியதில்லை. கான்சாகிபும் கும்பினியின் சேவகராக இருந்தவரே. கும்பினிக்காகவும் நவாபுக்காகவும் பூலித்தேவனோடு போரிட்டவர், பின்னர் அவ்விருவரையுமே எதிர்த்து நின்றார். விசுவாசம் குத்தகைப் பொருளாகிவிட்ட காலம் அது.

இவ்வாறு சொல்வதால் அம்மூவரும் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார்கள். தொழுதுகொண்டிருந்தவரைக் கட்டிய கை மன்னிக்கப்படவும் வேண்டாம். ஆனால் அக்கையில் பசியின் நடுக்கமும் இருந்திருக்கும். வரலாறு தீர்ப்பை எழுதிவிட்டது. அந்த நடுக்கத்தை எழுதும் பொறுப்பு கவிஞர்களுடையது.